மறு: ‘ஸ்டார்ட்டிங் பிட்சர்’ – முறையெறிவாளர் எனலாமா?

ஐயாவுக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

நேற்றைய கலைச்சொல் மடலில், பேஸ்பாலில் ஓர் அணிக்காக முதல் பந்திலிருந்து எறியும் ‘ஸ்டார்ட்டிங் பிட்சரு’க்குத் ‘தொடக்கப் பந்துவீச்சாளர்’ என்று தந்திருந்தீர்கள். படித்தவுடன் எவருக்கும் புரிந்துவிடும்; சிக்கலே அதுதான். கிரிக்கெட்டில் புதுப்பந்தோடு ஓடி வருபவரே நம் கண்முன் நிற்பார். அவர் நான்கு ஓவர் வீசிவிட்டு எல்லைக்கோட்டருகே போய் நின்று, மாலையில் மறுபடியும் பந்தை வாங்கிக்கொள்ளலாம். பேஸ்பாலில் ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டவர் அன்று திரும்பி வர முடியாது.

‘பந்துவீச்சு’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழங்கையை மடக்கி அளவுக்கு மேல் நீட்டினால் கிரிக்கெட்டில் குற்றம். 1995இல் மெல்போர்னில் முரளிதரனுக்கு நடுவர் நோபால் கொடுத்தது, அவர் வீசவில்லை, எறிகிறார் என்றுதானே? பேஸ்பாலில் எறிவதே வேலை. எனவே ‘எறிவாளர்’.

எனக்கு உண்மையான தகராறு ‘தொடக்க’த்தோடுதான். நான் எழுதுவது தினசரி பேண்டசி பேஸ்பாலுக்கான வழிகாட்டி; அன்று ஆடும் உண்மையான வீரர்களை வைத்து நாம் ஒரு கற்பனை அணி சேர்ப்போம், அவர்கள் களத்தில் செய்வதற்கேற்ப நமக்குப் புள்ளி. அதை நடத்தும் டிராஃப்ட்கிங்ஸ் தளத்தில் 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் பத்துப் பேரை எடுக்க வேண்டும். அவர்களில் இருவர் எறிவாளர்கள். ஓர் இன்னிங்ஸ் (எதிரணியில் மூவர் அவுட்டாகும் வரை) எறிந்தால் 2.25 புள்ளி, ஒரு ஸ்டிரைக்அவுட்டுக்கு (மட்டையாளர் மூன்று ஸ்டிரைக்கில் அவுட்டாவது) 2, வெற்றி அவர் கணக்கில் சேர்ந்தால் 4. அவர் பொறுப்பில் விழும் ஒவ்வொரு ரன்னுக்கும் 2 போகும். அடியோ (மட்டையாளர் பந்தை அடித்துத் தளம் சேர்வது) நடையோ (நான்கு தவறான பந்துகளால் சும்மாவே தளம் சேர்வது) கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 0.6 போகும். ஆறு இன்னிங்ஸ், ஏழு ஸ்டிரைக்அவுட், இரண்டு ரன், ஐந்து அடி, ஒரு நடை, வெற்றி என்று ஒருவர் முடித்தால் 23.9. இதில் பதின்மூன்றரைப் புள்ளி, எறிமேட்டில் நின்ற நேரத்துக்கே கிடைத்த கூலி. அதாவது இந்த விளையாட்டில் நாம் விலை கொடுத்து வாங்குவது ஆட்டத்தைத் தொடங்கிவைப்பவரை அல்ல, நின்று சுமப்பவரை.

2018 மே 19 அன்று டாம்பா பே ரேஸ் அணி செய்ததைப் பாருங்கள். வழக்கமாக ஆட்டத்தின் கடைசியில் வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸுக்கு அனுப்பினார்கள். மூவரையும் ஸ்டிரைக்அவுட் ஆக்கிவிட்டு அவர் போய்விட்டார். மறுநாளும் அவரே தொடங்கினார். பேண்டசிக் கணக்கில் முதல் நாள் உழைப்புக்கு 8.25 புள்ளி. அவருக்குப் பின் வந்த ரயன் யார்ப்ரோ ஆறு இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். அந்த ஆண்டு யார்ப்ரோவின் கணக்கில் 16 வெற்றிகள் சேர்ந்தன, அவர் தொடங்கிய ஆட்டங்களோ ஆறே ஆறு. வெற்றி பெற ஐந்து இன்னிங்ஸ் முடிக்க வேண்டும் என்ற விதி தொடங்குபவருக்கு மட்டும் என்பதால், பின்னால் வருபவருக்கு அந்தத் தடையும் இல்லை. ரோமோ அன்று செய்ததற்கு ‘ஓப்பனர்’ என்று பெயர் வந்துவிட்டது. ‘தொடக்க எறிவாளர்’ என்ற பெயர் அவருக்குத்தான் பொருந்தும். அதை ஸ்டார்ட்டிங் பிட்சருக்குக் கொடுத்துவிட்டால், ‘தொடக்க எறிவாளரைத் தவிர்க்கவும்’ என்று நான் எழுதும் நாளில் வாசகர் என்னை அடிக்க வருவார்.

என் பரிந்துரை: முறையெறிவாளர்.

கோயிலில் முறை உண்டு, கிணற்றுப் பங்கில் முறை உண்டு. இன்று யார் முறை என்றால் மற்றவர்கள் ஓய்விலிருக்கிறார்கள் என்றே பொருள். பேஸ்பால் அணியிலும் ஐந்து பேர் இப்படித்தான் மாறி மாறி வருகிறார்கள். இன்று எறிந்தவர் நான்கைந்து நாள் தோளுக்கு ஓய்வு கொடுப்பார். ‘ரொட்டேஷன்’ என்பதற்கும் ‘முறைவரிசை’ கிடைத்துவிடுகிறது. பேண்டசி ஆடுபவர் அன்று முதலில் தேடுவதும் இதைத்தான்: இன்று யார் முறை? எதிரணி ஸ்டிரைக்அவுட் ஆகும் பழக்கமுள்ளதா, மழை வருமா என்பதெல்லாம் அப்புறம். மழையால் ஆட்டம் நெடுநேரம் நின்றால், ஆறிப்போன கையோடு அவரைத் திரும்ப அனுப்ப மாட்டார்கள். வாங்கிய விலை தண்ணீரில் போனதுதான். டென்வர் மைதானத்தில் ஒருவருக்கு முறை வந்தால் நான் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஏறத்தாழ 5,200 அடி உயரம், மெலிந்த காற்று. வளைய வேண்டிய பந்து வளையாது, அடித்த பந்து நிற்காது.

அன்புடன்,
வழிகாட்டி எழுதுபவன்

—

தம்பிக்கு,

வாதம் நன்று. ரோமோ கதை எனக்குப் புதிது; ‘தொடக்க’த்தை விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் முறையெறிவாளர் என்றதும் முறைமாமன்தான் நினைவுக்கு வருகிறார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முறைவரிசையில் இல்லாத ஒருவரை, வேறு ஆளில்லை என்று ஒரே ஒரு நாளுக்கு அழைத்து ஆட்டத்தைத் தொடங்கக் கொடுக்கிறார்களே, ‘ஸ்பாட் ஸ்டார்ட்டர்’ என்று? அவருக்கு ஏது முறை?

—

ஐயா,

அந்த இடத்தில் என் சொல் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊரில் பங்காளி வர முடியாத நாளில் வேறொருவர் ‘முறை பார்த்துவிட்டு’ப் போவதில்லையா? பதில்முறை எறிவாளர் என்று வைத்துப் பார்க்கிறேன். பேண்டசியில் அவர் விலை மலிவாக இருக்கும், ஆகவே வழிகாட்டியில் அவருக்குத் தனிப் பத்தியே தேவை. கலைச்சொல் பட்டியலில் இப்போதைக்குக் கேள்விக்குறியோடு சேர்த்திருக்கிறேன். மாமன் விஷயத்தில் என்னால் ஆவது ஒன்றுமில்லை.