மிக்ஸியில் மோட்டார் போய்விட்டதாம்: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

கேள்வி:
எங்கள் மிக்ஸி வாங்கி எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சில வாரங்களாகவே காற்றுத் துளைகள் வழியே நீலப் பொறி தெரிந்தது. நேற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தீய்ந்த வாடையோடு நின்றுவிட்டது. இப்போது சுவிட்சைத் திருப்பினால் முனகல்கூட இல்லை. பழுது பார்ப்பவர் திறந்துகூடப் பார்க்காமல் "மோட்டார் போய்விட்டது, புதிது வாங்குங்கள்" என்றார். ஜார்கள் கனமான எஃகு. தூக்கிப்போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:
மோட்டார் காயில் கட்டும் வேலையிலேயே காலம் கழித்தவன் நான். திறக்காமல் சொன்ன தீர்ப்பை ஏற்காதீர்கள். "மோட்டார் போய்விட்டது" என்ற சொல்லுக்குள் ஆர்மேச்சர் (சுழலும் கம்பிச் சுருள்), ஃபீல்டு காயில் (அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் சுருள்), கார்பன் பிரஷ் (ஆர்மேச்சரை உரசி மின்சாரம் கொடுக்கும் துண்டு), பேரிங் (சுழலும் தண்டைத் தாங்குவது) எல்லாம் அடக்கம். இவற்றில் கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே செய்யப்பட்ட மலிவான துண்டு. அது தீர்ந்தால் மின்சாரம் ஆர்மேச்சருக்குப் போகாது, முனகலும் வராது.

முதலில் அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுமை கூடினால் அது துண்டித்துக்கொள்ளும். அப்போதும் இதே மௌனம்தான். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜார் வைக்கும் இடத்தில் உள்ள கப்ளரைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பேரிங் கெட்டிருக்கும். தளர்வாகச் சுற்றினால் நம்பிக்கை உண்டு. வாடையையும் கவனியுங்கள். காயில் எரிந்திருந்தால் வார்னிஷ் கருகிய காட்டமான நெடி மறுநாளும் போகாது.

வேறொருவர்:
ஆர்மேச்சரே எரிந்திருந்தால் நான் புதிதுதான் வாங்குவேன். மிக்ஸி மோட்டார் வெறுமனே ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் சுழலும். மறுபடி கம்பி கட்டிய ஆர்மேச்சர் இம்மி எடை பிசகினாலும் அதிரும்; பேரிங்கையும் தின்றுவிடும். செலவு புதிய மிக்ஸி விலையில் பாதியை எட்டினால் நிறுத்திக்கொள்வது நல்லது.

மோட்டார் வேலைக்காரர்:
ஆர்மேச்சர் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். கட்டுவதைவிட அதே மாதிரிக்கான புதிய ஆர்மேச்சர் கிடைத்தால் போடலாம். ஆனால் பாதி விலைக் கணக்கை மட்டும் பார்ப்பது எனக்கு உறுத்துகிறது. எது கெட்டது என்பதைவிட ஏன் கெட்டது என்பது முக்கியம். ஜாரின் அடிப்பக்க புஷ் (பிளேடின் தண்டைத் தாங்கும் உருளை) தேய்ந்து, சீல் (நீர் இறங்காமல் தடுக்கும் வளையம்) வழியாகக் கசியும் நீர் மோட்டாருக்குள் இறங்குவதை எத்தனையோ மிக்ஸிகளில் பார்த்திருக்கிறேன். மோட்டாரைச் சரிசெய்து அதே ஜாரைப் பூட்டினால் மறுபடி போகும். புது மிக்ஸி வாங்கிப் பழைய ஜாரைப் பொருத்தினாலும் அதே கதிதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. சிவப்புப் பொத்தானால் பயனில்லை. கப்ளர் தளர்வாகச் சுற்றுகிறது. வேறொருவரிடம் திறக்கச் சொன்னேன்: ஒரு பக்கக் கார்பன் அடியோடு தேய்ந்திருக்கிறது, ஆர்மேச்சரில் கார்பன் உரசும் செம்புப் பட்டைகள் கறுத்திருக்கின்றன, காயில் நிறம் மாறவில்லை. பெரிய ஜாரின் அடியில் ஈரம் இருக்கிறது!

மோட்டார் வேலைக்காரர்:
மகிழ்ச்சி, இது பிழைக்கும். இரண்டு கார்பனையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். செம்புப் பட்டைகளை நைசான மணல்காகிதத்தால் துடைக்கட்டும். எமரித் தாள் வேண்டாம். அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும், பட்டைகளுக்கு இடையே தங்கினால் ஆபத்து. பெரிய ஜாருக்குப் புஷ், சீல் இரண்டும் புதிதாகப் போடுங்கள்.

புதுக் கார்பன் படியும் வரை சிறு பொறி தெரியும், அது இயல்பு. பொறி வளையமாகச் சுற்றி எரிந்தால் உடனே நிறுத்துங்கள். அது ஆர்மேச்சர் கோளாறு. அப்படியானால் ஜார்கள் பொருந்தும் மாதிரியாகப் பார்த்துப் புதிது வாங்கிவிடுங்கள்.