காய்ச்சலை அடக்கினால் உயிர் போகுமா? பாராசிட்டமால் பற்றிய சண்டை

வார்டு_செவிலி:
நேற்று இந்த மன்றத்தில் நிலவேம்பு பற்றிய இழையில் தாமிரபரணியான் எழுதியதைப் படித்துவிட்டு எரிச்சல் தாங்கவில்லை. அவர் சொன்னது: "டெங்குவில் சாகிறவர்களை வைரஸ் கொல்லவில்லை, பாராசிட்டமால்தான் கொல்கிறது. காய்ச்சலை எரிய விட்டால் உடம்பே வைரஸைக் கொன்றுவிடும்." இதைப் படித்துவிட்டு எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்துவார்களோ?

நான் காய்ச்சல் வார்டில் வேலை பார்ப்பவள். டெங்குவில் பிள்ளைகள் சாய்வது பெரும்பாலும் 104 டிகிரி கொதிக்கும்போது அல்ல, காய்ச்சல் விட்ட பிறகு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் சூடு இறங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறும். போன சீசனில் ஒரு பையன். தெர்மாமீட்டர் 98.4 காட்டியதும் அவன் அப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று கையெழுத்துப் போட வந்துவிட்டார். கையைத் தொட்டால் ஐஸ். பிரஷர் 90க்கு 76. மேலே உள்ள எண்ணுக்கும் கீழே உள்ளதற்கும் 20கூட வித்தியாசமில்லை என்றால் அது ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் நிலை. அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான், அதனால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

தாமிரபரணியான்:
வார்டுக் கதை வேண்டாம், ஆராய்ச்சி பேசுவோம். 1975இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் குளூகர் என்பவர் பாலைவன இகுவானா ஓணான்களுக்கு நோய்க்கிருமியை ஏற்றி 34 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை வெவ்வேறு சூட்டில் வைத்தார். சூடு கூடக் கூடப் பிழைத்தவை கூடின. அடுத்த வருஷம் சோடியம் சாலிசிலேட் கொடுத்துக் காய்ச்சலை அடக்கினார்கள், அடங்கியவை செத்தன. ஓணானுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.

வார்டு_செவிலி:
அந்த ஓணானுக்கு ஏற்றியது ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா. பாக்டீரியா. நாம் பேசுவது வைரஸ். "நோய்க்கிருமி" என்று பொதுவாகப் போட்டு மறைத்தது ஏன்?

தாமிரபரணியான்:
மறைக்கவில்லை. கிருமி எதுவானாலும் காய்ச்சல் காய்ச்சல்தான்.

வார்டு_செவிலி:
பாக்டீரியா. ஓணான். பாராசிட்டமால்கூட இல்லை, சாலிசிலேட். மூன்றும் வேறு. இதை வைத்துக்கொண்டா டெங்குப் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்காதே என்கிறீர்கள்?

மருந்துக்கடை_மணி:
அக்கா சொல்வது சரி. சாலிசிலேட் ஆஸ்பிரின் குடும்பம், டெங்குவில் அதைத் தொடவே கூடாது. ஐபுபுரூஃபனும் டைக்லோஃபினாக் ஊசியும் அப்படித்தான், ரத்தக் கசிவைக் கூட்டும். "ஒரே ஊசியில் காய்ச்சல் இறங்கணும்" என்று கேட்டு வருகிறவர்களிடம் தினமும் சண்டை போடுகிறேன். பாராசிட்டமால் மட்டும், அதுவும் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு.

தாமிரபரணியான்:
மாத்திரை விற்கிறவர் மாத்திரைக்கு வக்காலத்து வாங்குகிறார்.

மருந்துக்கடை_மணி:
ஒரு அட்டை பாராசிட்டமாலில் எனக்கு என்ன கிடைக்கும் என்று தெரியுமா? வாயை அடக்கிப் பேசுங்கள் சார்.

கொள்ளிடத்தான்:
ஓணானை விடுங்கள். வைரஸே வேண்டுமா? 1959இல் ஆஸ்திரேலியாவில் மிக்சோமா வைரஸ் ஏற்றிய முயல்களைச் சூடான அறையில் வைத்தபோது அதிகம் பிழைத்தன, குளிரில் வைத்தவை அதிகம் செத்தன. இது வைரஸ்தானே அம்மா?

வார்டு_செவிலி:
அறையைச் சூடாக்கியது வேறு, மாத்திரை வேறு. அதில் எந்த முயலுக்கும் பாராசிட்டமால் கொடுத்துப் பார்க்கவில்லை. மனிதர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன். 2015இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காய்ச்சலோடு இருந்த 700 பேரைப் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு ஆறு மணிக்கு ஒருமுறை 1 கிராம் பாராசிட்டமால், மீதிப் பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மருந்து. 90 நாளில் இறந்தவர்கள் 15.9 சதவீதம், 16.6 சதவீதம். வித்தியாசமே இல்லை. மாத்திரை கொல்கிறது என்றால் அங்கே கொன்றிருக்க வேண்டாமா?

கொள்ளிடத்தான்:
அந்த 700 பேரும் பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். அப்படியென்றால் அதுவும் பாக்டீரியாதான். ஓணானுக்கு ஒரு நியாயம், ஆஸ்திரேலியாக்காரனுக்கு ஒரு நியாயமா?

தாமிரபரணியான்:
அப்படிப் போடுங்கள்! இதற்குப் பதில் வராது பாருங்கள். மியாமி ஆய்வையும் அவர் சொல்ல மாட்டார். 2005இல் வந்தது. காய்ச்சலைத் தீவிரமாக அடக்கிய பிரிவில் 7 பேர் செத்தார்கள், 40 டிகிரி செல்சியஸ் வரை விட்டுவைத்த பிரிவில் ஒரே ஒருவர். பயந்துபோய் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

வார்டு_செவிலி:
மொத்தம் 82 பேர், அடிபட்டு வந்த விபத்து நோயாளிகள். மாத்திரை மட்டுமல்ல, குளிர்ப் போர்வையும் போட்டார்கள். டெங்கு எங்கே இருக்கிறது அதில்? என்னுடைய ஆய்வாவது மனிதருக்குப் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்து, போலி மருந்தோடு ஒப்பிட்டது. உங்களுடையது ஓணான்.

தாமிரபரணியான்:
ஓணான் ஓணான் என்று இளக்காரம் செய்கிறீர்கள். ஆயுர்வேதமும் சித்தமும்...

வார்டு_செவிலி:
பாக்டீரியாவா வைரஸா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

பெண்ணின்_அப்பா:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். என் மகளுக்கு ஏழு வயசு. இன்று ஐந்தாம் நாள், காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. ஆனால் மூன்று முறை வாந்தி, வயிறு வலிக்கிறது என்கிறாள், சோர்ந்து படுத்தே இருக்கிறாள். காய்ச்சல் போய்விட்டதால் நாளை காட்டினால் போதுமா?

வார்டு_செவிலி:
நாளை வேண்டாம் சார், இப்போதே கிளம்புங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி, சோர்வு என்றால் அது அபாய அறிகுறி. ரத்தப் பரிசோதனையில் தட்டணுவோடு ஹிமட்டோகிரிட்டையும், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கையும், பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்று யோசித்துக்கொண்டே போங்கள், கேட்பார்கள்.

பெண்ணின்_அப்பா:
ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டேன். நன்றி சிஸ்டர்.

தாமிரபரணியான்:
அந்தக் குழந்தைக்கு மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

மருந்துக்கடை_மணி:
ஒரு பிள்ளை ஆஸ்பத்திரிக்குப் போகிறது, அதிலும் உங்கள் வாதத்துக்கு ஆதாரம் தேடுகிறீர்களே!

தாமிரபரணியான்:
கேள்வி கேட்டால் குற்றமா? நியூயார்க்கில் 2020இல் கொரோனா நோயாளிகளைப் பார்த்தார்களே, அதில் என்ன வந்தது? உடம்பு வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்து வந்தவர்களும் அதிகம் செத்தார்கள். குளிர்ந்தால் ஆபத்து, அதைத்தான் சொல்கிறேன்.

வார்டு_செவிலி:
பாதியை மட்டும் சொல்லாதீர்கள். அதே ஆய்வில், உச்ச வெப்பம் ஏற ஏற மரணமும் ஏறியது. 40ஐத் தாண்டியவர்கள் மோசமாக இருந்தார்கள். உங்கள் கணக்குப்படி அவர்கள்தானே பிழைத்திருக்க வேண்டும்? வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் உடம்பு கேட்கும் ஆக்சிஜன் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. மூச்சுக்குத் திணறுகிறவரிடம் போய் எரிய விடு என்பீர்களா? இறங்கின சூடு மாத்திரையால் இறங்கியதா, ஷாக்கால் இறங்கியதா என்று பார்க்கத்தான் நாடியையும் பிரஷரையும் மணிக்கு மணி எடுக்கிறோம்.

கொள்ளிடத்தான்:
அப்போ காய்ச்சல் உடம்புக்கு நல்லதே இல்லை என்கிறீர்களா? ஜலதோஷ வைரஸ் மூக்கின் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பெருகும், சூட்டில் தடுமாறும். இதையும் மறுப்பீர்களா?

வார்டு_செவிலி:
நான் எங்கே அப்படிச் சொன்னேன்? 100 டிகிரிக்கெல்லாம் மாத்திரை போடு என்று எழுதினேனா? மாத்திரையால் பிள்ளை சாகிறது என்று எழுதியவரிடம்தான் கேட்கிறேன். ஜலதோஷத்தில் யாரும் ஷாக்கில் போவதில்லை.

தாமிரபரணியான்:
டாக்டர்கள் பேச வேண்டியதை நர்ஸ் பேசினால் இப்படித்தான் இருக்கும்.

மருந்துக்கடை_மணி:
அண்ணே, ராத்திரி மூன்று மணிக்குப் பிள்ளையின் நாடியைப் பிடித்துப் பார்ப்பது யார் என்று நினைக்கிறீர்கள்?

வார்டு_செவிலி:
விடு மணி. 2021இல் ஆவி பிடித்தால் நுரையீரலில் வைரஸ் வெந்துவிடும் என்று இதே மன்றத்தில் எழுதியவர் இவர். அன்றைக்கும் ஆதாரம் கேட்டேன், அன்றைக்கும் நர்ஸ் என்றுதான் சொன்னார்.

தாமிரபரணியான்:
வெந்துவிடும் என்று நான் எழுதவில்லை. வலுவிழக்கும் என்றுதான் எழுதினேன். பழைய பதிவை முழுசாக எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.

வார்டு_செவிலி:
டியூட்டி முடிந்ததும் போடுகிறேன். அதற்குள் நீங்கள் ஓணானுக்குப் பதில் எழுதி வையுங்கள். பாக்டீரியாவா, வைரஸா?

தாமிரபரணியான்:
முதலில் அந்த 700 பேருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.