புதுப்பிப்பு: இடிச்சத்தப் பயிற்சி, தின்பண்டம் எப்போது?

இடிச்சத்தப் பதிவை மெல்ல ஒலிக்கவிட்டு, தின்பண்டம் கொடுத்து நாயின் பயத்தைக் குறைக்கும் முறையை இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். "தின்பண்டப் பையைத் தொட்டாலே நாய் ஒதுங்குகிறது" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் வரிசைதான் சிக்கல். முதலில் சத்தம், ஓரிரு நொடி கழித்தே தின்பண்டம். கை முன்னதாகப் பைக்குள் போனால், இடி வரப்போகிறது என்பதற்கு அந்தப் பையே அறிகுறியாகிவிடும்.

ஒலியளவு, காது லேசாகத் திரும்பும் அளவுக்கு இருந்தால் போதும். உதட்டை நக்கினாலோ, வாலை ஒடுக்கினாலோ, தின்ன மறுத்தாலோ உடனே குறையுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் தாண்ட வேண்டாம்.

ஸ்பீக்கரில் தேறிய நாயும் நிஜ இடிக்கு நடுங்கலாம். மின்னலும் காற்றும் பதிவில் இல்லையே! அப்போது அணைத்துத் தேற்றினால் பயம் கூடும் என்பது வெறும் நம்பிக்கை, தாராளமாகத் தேற்றுங்கள்.