தம்பியை ஏஜென்சி மூலம் எடுக்கச் சொல்லி ஊரிலிருந்து அழைப்பு வந்தால்

கனடாவுக்கு வந்து, வேலை கிடைத்து, பேஸ்மென்ட் வாடகை போகக் கையில் கொஞ்சம் மிஞ்சத் தொடங்கும் மாதத்தில்தான் அந்த அழைப்பு வரும். "தம்பி சும்மா நிற்கிறான். ஒரு ஏஜென்சிக்காரர் இருக்கிறார், நல்ல ஆளாம். நீ முதற்காசை மட்டும் கட்டு, மிச்சத்தை அவன் வந்து உழைத்துக் கட்டுவான்." ஏஜென்சிக்காரர் என்றால் காசு வாங்கிக்கொண்டு கள்ளமாக ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புபவர். அம்மாவின் குரலில் இதைக் கேட்டுவிட்டு மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2011இல் என் சித்தியின் மகனுக்கு 22 வயது. சித்தி காணியை ஈடு வைத்தார், நகையை அடைவு வைத்தார். நான் இங்கே சீட்டை எடுத்து, வங்கி வழியாக இல்லாமல் ஆள்வழி காசு மாற்றும் உண்டியலில் அனுப்பினேன். உண்டியல் காசுக்குப் பற்றுச்சீட்டு ஏது? துபாய் வழியாகப் போனவனை மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு வீட்டில் இறக்கினார்கள். எந்த நாடு என்பதே அவனுக்கு இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. ஓர் அறையில் 14 பொடியன்கள். ஜன்னல் திரையை விலக்கக் கூடாது, செருப்பை வாசலில் விடக் கூடாது, சத்தமாகத் தும்மக்கூடக் கூடாது. ஞாயிறு இரவுகளில் அவன் எனக்குத் தொலைபேசி எடுப்பான். "அண்ணா, இரண்டாவது காசு கட்டியாகிவிட்டதா?" இதைத் தவிர வேறு எதுவும் கேட்க மாட்டான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொருவர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும்.

ஊரில் பேசிய ஏஜென்சிக்காரர் அதற்குள் அவனை இன்னொருவருக்குக் கைமாற்றியிருந்தார். ஆள் மாறினால் விலையும் மாறும். "போய்ச் சேர்ந்த பிறகுதான் காசு, அதுவரை நடுவில் ஒருவர் வைத்திருப்பார்" என்ற ஏற்பாட்டை நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுவில் இருப்பவரிடம் உங்கள் காசு இருக்கிறது, உண்மைதான். உங்கள் தம்பி அவர்களிடம் இருக்கிறானே.

அவனுடைய கடவுச்சீட்டை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். தலை மாற்றிய, அதாவது வேறொருவருடைய கடவுச்சீட்டில் அவன் படத்தை ஒட்டிய, வேறொன்று வரும் என்றார்கள். ஏழு மாதம் வரவில்லை. பிறகு பொலிஸ் வந்தது. நாட்டுக்குத் திருப்பி அனுப்பத் தற்காலிகப் பயணப் பத்திரம் எடுக்க வேண்டுமென்றால் அவன் இலங்கையன் என்று காட்ட ஏதாவது வேண்டும். கையில் ஒன்றுமில்லை. கடைசியில் சித்தி அவனுடைய பழைய பாடசாலைச் சான்றிதழ் கோவையைக் கொட்டிக் கிளறி, கடவுச்சீட்டின் மங்கிப்போன ஒரு போட்டோப் பிரதியைக் கண்டுபிடித்தார். நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் சரி, பயணம் போகும் எவருடைய கடவுச்சீட்டின் படப்பக்கத்தையும் ஒரு பிரதி எடுத்து உங்கள் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்தப் பேச்சில் கட்டாயம் வரும் ஒரு வாதம்: "மாமா கப்பலில்தானே வந்தார், இப்போது இரண்டு வீடு வைத்திருக்கிறாரே!" மாமா வந்த காலம் வேறு. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு ஓராண்டு அனுமதி கிடைத்தது. 2010 ஆகஸ்ட் 13 அன்று 'சன் சீ' கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தபோது அவர்களைத் தடுப்புக்காவல்தான் வரவேற்றது. பலர் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். 2012இல் சட்டமே மாறியது. அரசு அப்படி வரும் கூட்டத்தை 'முறையற்ற வருகை' என்று அறிவித்தால், அதில் வந்தவர் அகதியாக ஏற்கப்பட்டாலும் ஐந்து ஆண்டுகளுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவதும் அதுவரை கனவுதான். 2022 நவம்பரில் இன்னொரு கப்பல் கனடா என்று சொல்லிப் புறப்பட்டு, தத்தளித்து, அதிலிருந்த 303 இலங்கையர்கள் வியட்நாமின் வுங் தாவ் துறைமுகத்தில் இறக்கப்பட்டார்கள்.

அடுத்தது, "அமெரிக்காவுக்கு வந்தால் போதும், அங்கிருந்து நடந்து வந்துவிடலாம்" என்பது. 2023 மார்ச் 25 முதல், கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கை (இரண்டில் முதலில் வந்து சேர்ந்த நாட்டிலேயே அகதிக் கோரிக்கை வைக்க வேண்டும் என்பது) முழு நில எல்லைக்கும் பொருந்துகிறது. இடையில் புகுந்து 14 நாட்களுக்குள் அகதிக் கோரிக்கை வைத்தால் பொதுவாகத் திருப்பி அனுப்பப்படுவார்கள். விதிவிலக்கு உண்டு: கூடப்பிறந்தவர் இங்கே குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருந்தால் அகதிக் கோரிக்கை கேட்கப்படலாம். ஆனால் அந்த உறவை எல்லைச் சாவடியில் பகலில் நின்று சொல்லலாமே. அதற்காக இரவில் பனிவயலில் நடக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் மனிடோபாவின் எமர்சன் அருகே குஜராத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் உறைந்து இறந்தது. தாய், தகப்பன், 11 வயதுப் பிள்ளை, 3 வயதுப் பிள்ளை. அவர்கள் இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போக முயன்றவர்கள். எல்லைக்கோடு சில மீட்டர் தூரத்தில் இருந்தது. ஊரில் 'கொஞ்சத் தூரம்தான் நடை' என்று யாராவது சொன்னால், அவர் மைனஸ் 30 பாகையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றதுண்டா என்று கேளுங்கள்.

உயிருக்கு உண்மையிலேயே ஆபத்து உள்ளவர்களைப் பற்றிய பேச்சு வேறு. 1951 அகதிகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஆபத்திலிருந்து நேரடியாகத் தப்பிவந்து தாமதிக்காமல் அதிகாரிகளிடம் தம்மை ஒப்படைப்பவரை, பத்திரமில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது. எங்கள் சனத்தில் எத்தனையோ பேர் அப்படி வந்தவர்கள்தான். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏஜென்சிக்காரர் பாடமாக்கித் தரும் கதையைத்தான் சொல்கிறேன். 1986இல் வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது சில நாட்களில் வெளியே வந்துவிட்டது. அன்று அது மன்னிக்கப்பட்டது. இன்று வந்த வழியை மாற்றிச் சொன்னால், பட்ட துன்பத்தையும் நம்ப மாட்டார்கள். பிழையான தகவல் கொடுத்து விசா கேட்டுப் பிடிபட்டால் ஐந்து ஆண்டுத் தடை வேறு.

சட்டப்படி எடுக்க முடியாதா என்றால், சகோதரனுக்கு ஸ்பொன்சர் கிட்டத்தட்ட இல்லை. அவன் 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத அநாதையாக இருக்க வேண்டும். அல்லது, நீங்கள் ஸ்பொன்சர் செய்யக்கூடிய மனைவி, பிள்ளை, பெற்றோர் போன்ற எவருமே இல்லாமல், இங்கே குடியுரிமையோ வதிவிடமோ உள்ள நெருங்கிய உறவினரும் இல்லாதவராக நீங்கள் இருக்க வேண்டும். படிப்பு, வேலை அனுமதி என்று மற்ற வழிகளுக்கு நேரம் பிடிக்கும், தகுதியும் வேண்டும். அதற்கு உதவுகிறேன் என்று கோப்பிக் கடையில் சந்திக்கும் ஆளின் பெயரை முதலில் குடிவரவு ஆலோசகர்களுக்கு உரிமம் கொடுக்கும் 'கல்லூரி' என்ற அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். வழக்கறிஞர் என்றால் மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் பட்டியலில். இரண்டிலும் இல்லையென்றால் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அகதிக் கோரிக்கை உள்ளவர்களுக்கு, வருமானம் குறைவென்றால், ஒன்ராறியோவில் அரச சட்ட உதவி உண்டு.

என் சித்தியின் மகன் இப்போது கிளிநொச்சியில் குழாய்க்கிணறு அடிக்கும் வேலை செய்கிறான். காணியை மீட்க ஒன்பது ஆண்டுகள் ஆயின. போன வருடம் அவனுடைய மச்சானுக்காக அதே மாதிரி ஓர் அழைப்பு எனக்கு வந்தது. இந்த முறை முடியாது என்றேன். சித்தி எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. மச்சான் ஊரில்தான் இருக்கிறான்.