பெருவிரல் பக்கத்தில் எலும்பு புடைத்து வருகிறது, பட்டி கட்டினால் நேராகுமா?

கேள்வி:
வலது காலில் பெருவிரல் தொடங்கும் இடத்தில் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் புடைத்து வருகிறது. விரலும் இரண்டாவது விரலை இடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டது. மூடிய ஷூ போட்டால் மாலைக்குள் அந்த இடம் சிவந்து எரிகிறது, வெறுங்காலில் அவ்வளவு தொந்தரவு இல்லை. அம்மாவுக்கும் இதே கால்தான். இரவில் கட்டிக்கொண்டு படுக்க ஒரு பட்டி விற்கிறார்களே, அதில் விரல் நேராகுமா? இல்லை, அந்த எலும்பை ஒரேயடியாகச் செதுக்கி எடுத்துவிடலாமா?

பதில் 1:
அது புதிதாக முளைத்த எலும்பு இல்லைங்க. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது, அது மற்ற எலும்புகளை விட்டு விலகிப்போக, விரல் எதிர்ப்பக்கம் சாய்கிறது, நடுவில் மாட்டிய மூட்டுதான் வெளியே துருத்திக்கொண்டு தெரிகிறது. டாக்டர்கள் ஹாலக்ஸ் வால்கஸ் என்பார்கள். புடைப்பை மட்டும் செதுக்கினால் கோணல் அப்படியே இருக்கும், மறுபடி வந்துவிடும். பட்டி கட்டியிருக்கும் வரை விரல் நேராக நிற்கும், அவிழ்த்தால் பழைய கதைதான். சிலருக்கு வலி குறைகிறது, அதற்காக வேண்டுமானால் போடலாம். பாத அமைப்பு பரம்பரையாக வருவது, குறுகலான ஷூவும் ஹீல்ஸும் அதை இன்னும் மோசமாக்கும்.

பதில் 2:
அக்கா, முதலில் ஷூவை மாற்றுங்கள். ஒரு தாளில் நின்றுகொண்டு பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டு, அதன்மேல் உங்கள் ஷூவை வைத்துப் பாருங்கள், கோடு வெளியே தெரிந்தால் உள்ளே விரல்கள் நசுங்கித்தான் கிடக்கின்றன. நீளத்தில் ஒரு சைஸ் கூட்டி வாங்காதீர்கள், கால் முன்னால் சறுக்கி மறுபடி அங்கேயே இடிக்கும். முன்பக்கம் அகலமாக, புடைப்பின் மேல் தையல் ஓடாததாகப் பாருங்கள், கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் வாங்குங்கள். விரல் இடையில் வைக்கும் சிலிக்கான் துண்டும் உதவும், ஆனால் ஷூவில் இடம் இருந்தால் மட்டும்.

பதில் 3:
ஒரே ராத்திரியில் மூட்டு வீங்கி, சூடாகி, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது இதுவாக இல்லாமல் யூரிக் அமிலத்தால் வரும் கவுட்டாகவும் இருக்கலாம், உடனே காட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அந்த இடத்தில் சின்னக் கொப்புளத்தைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
தாளில் வரைந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் கோடு வெளியே வருகிறது! சரி, ஆபரேஷன் எப்போது தேவைப்படும்?

பதில் 1:
அகலமான ஷூ போட்டும் நடக்கவே வலித்தால், இல்லை இரண்டாவது விரல் மேலே ஏற ஆரம்பித்தால். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வேண்டாம். எலும்பை வெட்டி நேராக்கி ஸ்க்ரூ போடுவார்கள், சுமார் 6 வாரம் தனிச் செருப்பு, வீக்கம் முழுசாக வடியப் பல மாதம் ஆகும், சிலருக்குத் திரும்பியும் வருகிறது. எக்ஸ்ரேவை நின்றபடி எடுக்கச் சொல்லுங்கள், உடல் எடை இறங்கும்போதுதான் சரியான கோணம் தெரியும்.