ரம்யா கட்டுச்சோறு: எந்த வண்டி, எங்கே சார்ஜ்?

குழு: கொழிஞ்சாம்பாறை வீட்டார்

மல்லிகா: ஞாயிற்றுக்கிழமை ரம்யாவுக்குக் கட்டுச்சோறு. காலையில் ஆறரைக்குக் கிளம்பினால்தான் பத்து மணிக்குள் ஆலுவா போய்ச் சேரலாம். எல்லோருக்கும் மணி அண்ணன் வேன். வரும்போது ரம்யாவைப் பிரசவத்துக்குக் கூட்டிவரச் சிவகுமாரின் எலெக்ட்ரிக் கார். சரிதானே?

மணி மாமா: சரி

செந்தில்: சரிம்மா

சாந்தி அத்தை: *ஃபார்வர்டு செய்யப்பட்டது* அவசரம்!! இன்று இரவு முதல் எலெக்ட்ரிக் காருக்குச் சார்ஜ் யூனிட் 40 ரூபாய்! அனைவருக்கும் பகிரவும்!

சாந்தி அத்தை: இது நிஜமா? அப்படியென்றால் டீசல் வண்டியே போதுமே

சிவகுமார்: 40 எல்லாம் இல்லைங்க அத்தை. ஆனால் ஏறிவிட்டது உண்மைதான். முன்னே 17, 18 கொடுத்த இடத்தில் இப்போது வரியோடு 23 வாங்குகிறார்கள்.

மணி மாமா: 23ஆ!

மணி மாமா: வீட்டிலும் அதே கரண்டுதானே?

ரங்கசாமி பெரியப்பா: மணி, கரண்டு அதேதான். கொடுக்கிற விதம் வேறு. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் மூன்று கிலோவாட்தான் போகும், ராத்திரி முழுக்க நின்று ஏறும். ரோட்டோர வேகச் சார்ஜர் 30 கிலோவாட், 60 கிலோவாட் என்று தள்ளும். 60 என்றால், நம் தெருவில் இருபது வீட்டில் ஒரே நேரத்தில் 15 ஆம்பியர் பிளக்கைப் போட்ட கணக்கு. அதற்குத் தனி லைன் இழுக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், ஏசி கரண்டை பேட்டரிக்கு ஏற்ற டிசி கரண்டாக மாற்றுகிற மெஷின் வேண்டும், இட வாடகை வேறு. நாலு வண்டி வந்தாலும் நாற்பது வந்தாலும் இந்தச் செலவு ஓடிக்கொண்டேதான் இருக்கும். வருகிற நாலு பேர் தலையில்தான் அதைப் போடுவார்கள். இதுவரைக்கும் நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொள்ள முடியாதது ஜிஎஸ்டி. வீட்டுக் கரண்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதையே ஸ்டேஷனில் ஏற்றினால் ‘சேவை’ என்று 18 சதவீதம் போடுகிறார்கள். எலெக்ட்ரிக் கார் வாங்கினால் 5 சதவீதம்தான், 2019 ஆகஸ்டில் 12இலிருந்து குறைத்தார்கள். வாங்கு வாங்கு என்று சொல்லிவிட்டு ஓட்டும்போது பிடித்துக்கொள்கிறார்கள். சொந்த வீடும் போர்ட்டிகோவும் இருக்கிற எனக்கு அந்த வரி இல்லை. பாலக்காட்டில் மாடி வாடகை வீட்டில் இருக்கிற சிவாவுக்கு உண்டு. அவன்தானே வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன்?

மணி மாமா: அண்ணா, சாயங்காலம் உட்கார்ந்து படிக்கிறேன்

செந்தில்: பெரியப்பா சொல்வது சரி

சாந்தி அத்தை: எள்ளு சாதம் யார் செய்வது?

மல்லிகா: எள் சூடு. வேண்டாம் அக்கா. புளி, எலுமிச்சை, தேங்காய், தயிர் போதும்

சாந்தி அத்தை: எங்கள் அம்மா காலத்தில் எள்ளு சாதம் இல்லாமல் கட்டுச்சோறே கிடையாது

சிவகுமார்: பெரியப்பா, வீட்டில் போட்டால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், கொஞ்சம் கூட. ரோட்டில் போட்டால் மூன்றரை. டீசல் காருக்கு அஞ்சு ரூபாய்க்குள் வருகிறது. அந்த ஒன்றரை ரூபாய் மிச்சத்துக்குத்தான் நான் சார்ஜர் பக்கத்தில் முக்கால் மணி நேரம் நிற்கிறேன். நெடும்பாசேரி ஏர்போர்ட் வாடகைக்கு டீசல் வண்டிக்காரர் சொல்கிற விலையைத்தான் எனக்கும் கொடுக்கிறார்கள். சார்ஜ் ஏறிவிட்டது, கூடக் கொடுங்கள் என்றால் யார் கேட்பார்கள்? அப்புறம் மூன்று ஆப்பில் முன்பணம் வேறு மாட்டிக்கிடக்கிறது. ஒரு ஆப்பில் இருக்கிற பணம் இன்னொரு ஸ்டேஷனில் செல்லாது.

ரம்யா: அண்ணா, என்னை ராத்திரி ரோட்டோரம் நிறுத்திவைத்துச் சார்ஜ் போடாதீர்கள். இப்போதே கால் வீங்குகிறது

சிவகுமார்: இல்லம்மா கண்ணு. போட மாட்டேன்

மல்லிகா: அதற்குத்தான் கேட்கிறேன். போக வர 240 கிலோமீட்டர் இருக்குமே, ஒரு சார்ஜ் தாங்குமா?

சிவகுமார்: தாங்காது சித்தி. 30 யூனிட் பேட்டரி. ஏசி போட்டு ஆளோடு போனால் 200தான். எங்காவது ஒரு தடவை போட்டாக வேண்டும்.

ரங்கசாமி பெரியப்பா: நான் சொல்கிறபடி செய். சனிக்கிழமை சாயங்காலமே வண்டியை என் வீட்டில் விட்டு முழுக்க ஏற்றிக்கொள். ஆலுவா சேரும்போது 40 சதவீதம் மிச்சம் இருக்கும். அங்கே மத்தியானம் 80 வரை ஏற்று, அதற்கு மேல் வேண்டாம், 80க்கு மேல் மெதுவாகத்தான் ஏறும். 12 யூனிட், 300 ரூபாய்க்குள் முடியும். திரும்பும்போது எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. முக்கியமாக, நாலு மணிக்கு முன்னால் போட்டுவிடு. 2024இல் மத்திய மின்துறை வெளியிட்ட வழிகாட்டியில் காலை 9 முதல் மாலை 4 வரை சூரிய நேரம். ஸ்டேஷனுக்குக் கொடுக்கிற கரண்டின் விலை அப்போது, கரண்டு கொடுக்க ஆகிற சராசரிச் செலவில் 0.7 பங்கு, மற்ற நேரத்தில் 1.3 பங்கு. நம் கேரளத்திலும் இதே ஒன்பதுக்கு நாலு கணக்குதான்.

சிவகுமார்: ஸ்டேஷன்காரருக்குக் குறைகிறது, சரி. நான் போடுகிற ஆப்பில் பகலுக்கும் ராத்திரிக்கும் ஒரே விலைதானே காட்டுகிறது?

ரங்கசாமி பெரியப்பா: அதுதான் அநியாயம். குறைத்துக் கொடுக்கிற இடமாகப் பார்த்துப் போடு.

சாந்தி அத்தை: அண்ணா, உங்கள் வீட்டில் போடட்டும். ஓணத்துக்கு வந்து என் வீட்டில் போட்டுவிட்டுப் போனான், பில்லைப் பார்த்துத் தலை சுற்றியது

சிவகுமார்: அத்தை, அதற்குப் பணம் தருகிறேன் என்று அன்றைக்கே சொன்னேன்

சாந்தி அத்தை: பணத்துக்காகவா சொன்னேன்

மணி மாமா: ஆரம்பித்துவிட்டது

ரங்கசாமி பெரியப்பா: சாந்தி, அது முழுக்கச் சிவா போட்ட கரண்டு இல்லை. மாதம் 250 யூனிட், அதாவது இரண்டு மாத பில்லில் 500 வரை, படிப்படியாகத்தான் விலை ஏறும். அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே கூடிய விலை. உன் வீட்டில் இரண்டு ஏசி, மோட்டார் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 500ஐ ஒட்டி நின்றது. சிவா போட்டது தாண்டிவிட்டது.

சாந்தி அத்தை: அப்போது அவன்தானே தாண்ட வைத்தான்?

*செந்தில் இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்*

மல்லிகா: போதும். மத்தியானம் சார்ஜ் போட யார் போவது?

சிவகுமார்: நான்தானே போக வேண்டும், வேறு யார்? தாராபுரம் கல்யாணத்திலும் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தபோது நான் வண்டியோடு நின்றேன். கடைசிப் பந்திக்கு வந்தால் பாயசம்கூட இல்லை. இந்தத் தடவை என் தங்கச்சி விசேஷம், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஆசை.

ரம்யா: அண்ணா கட்டாயம் என் பக்கத்தில் உட்கார வேண்டும்

செந்தில்: நான் கொண்டுபோய்ப் போடுகிறேன். ஆப் எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடு

மல்லிகா: நீ கூடப்பிறந்தவன். சீர்த்தட்டு கொடுக்கிற நேரத்தில் நீ இல்லாமல் எப்படி?

மணி மாமா: வேன் டிரைவரைக் கேட்டுப் பார்க்கட்டுமா

சிவகுமார்: கியர் இல்லாத வண்டி. முன்னே ஓட்டியிருக்கிறாரா?

மணி மாமா: கேட்கிறேன்

ரங்கசாமி பெரியப்பா: நான் போகிறேன். எனக்கு ஓட்டத் தெரியும், மெஷினையும் ஒரு தடவை பார்த்த மாதிரி ஆகும்.

மல்லிகா: மாமா, பெரியவங்க நீங்கள்தான் ரம்யாவுக்கு முதலில் விபூதி வைக்க வேண்டும்

ரங்கசாமி பெரியப்பா: வைத்துவிட்டுப் போகிறேன்.

சாந்தி அத்தை: ரம்யா மாமியாரிடம் கேட்டால் என்ன? அவர்கள் வீட்டில் பிளக் இல்லையா? வந்ததும் போட்டால் சாயங்காலம் கிளம்புவதற்குள் ஏறிவிடுமே

சிவகுமார்: அத்தை நல்ல யோசனை. ஆறு மணி நேரம் நின்றால்கூட எனக்கு வேண்டியது ஏறிவிடும். ஒருத்தரும் காவல் நிற்க வேண்டாம்

மல்லிகா: சம்பந்தி வீட்டில் போய்க் கரண்டு கேட்பதா?!

ரம்யா: அம்மா அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்

மல்லிகா: நீ சும்மா இரு. அப்பாவிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்

ரங்கசாமி பெரியப்பா: கேட்பதாக இருந்தால் 15 ஆம்பியர் பிளக்கா, எர்த் சரியாக இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐந்து ஆம்பியர் பிளக்கில் போடவே கூடாது. சிவா, சனிக்கிழமை வரும்போது சார்ஜர் வயரை மறக்காதே.

சிவகுமார்: சரிங்க பெரியப்பா

மணி மாமா: வேனில் மொத்தம் எத்தனை பேர்? டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்

சாந்தி அத்தை: எள்ளு சாதம் நான் செய்து எடுத்துவருகிறேன். ரம்யா சாப்பிட வேண்டாம், மற்றவர்கள் சாப்பிடட்டும்