பனியில் ஓட்ட 4x4-க்கு எந்த டயர்?

கேள்வி: வண்டியில் மட் டெரெய்ன் (சேற்றில் ஓட்டுவதற்கான) டயர் இருக்கிறது. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டை) பெரிசு. பனிக்கு இதுவே போதுமா, வின்டர் டயர் வாங்கணுமா?

பதில் 1: போதாது. பெரிய கட்டைகளில் மெல்லிய கீறல்கள் குறைவு; இறுகிய பனியிலும் ஐஸிலும் பிடிப்பதே அந்தக் கீறல்கள்தான். சாதா ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைக்க ஆரம்பிக்கும், வின்டர் ரப்பர் இளகியே இருக்கும். பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ சின்னம் இருக்கிறதா பாருங்கள். வெறும் 'எம்+எஸ்' (சேறு + பனி) என்றால் சோதனை செய்தது என்று அர்த்தமில்லை, தயாரிப்பாளர் சொல்வதுதான். இன்னொன்று, நான்கு சக்கர இழுவை கிளம்பத்தான் உதவும். பிரேக் பிடிக்கும்போது டயர்தான் எல்லாம்.

பதில் 2: நான்கையும் ஒரே மாதிரி மாற்றுங்கள். முன்னால் மட்டும் போட்டால் வளைவில் பின்பக்கம் வீசும். சுற்றளவு வித்தியாசப்பட்டால் முழுநேர 4x4-ல் நடு டிஃபரன்ஷியல் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பல்சக்கர அமைப்பு) சூடாகும். பட்டன் ஆழம் 4 மி.மீ.க்குக் கீழே போனால் பனிக்கு ஆகாது, சட்டப்படி செல்லுபடியானாலும்.

கேள்வி கேட்டவர்: காற்றைக் குறைக்கலாமா?

பதில் 2: ஆழமான புதுப்பனியில் சிக்கினால் மட்டும், மெதுவாக ஓட்ட. ரோட்டுக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள். குளிரில் 10 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் 2 பிஎஸ்ஐ அளவு தானாகவே குறையும், அதனால் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். டயரைச் சுற்றி பனிச் செயின் மாட்டுவதாக இருந்தால் உள்பக்க இடைவெளியை முதலில் பாருங்கள். அகல டயரில் பிரேக் குழாயை உரசும்.